சுந்தரேசன் மறுபடியும் கிளம்புகிறான்

தில்லி கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பின் மாடிப்படியில் ஒரு முதலையைப் படுக்க வைக்கலாம் என்று யாருக்காவது தோன்றுமா? என் முதலாளி குரானாவுக்குத் தோன்றியது.

"ஆண்ட்டி கோ நிகாலோ, மகர்மச்ச் டாலோ," என்றார். மாமியைத் தூக்கிவிட்டு முதலையைப் போட வேண்டுமாம்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று அம்மா சொல்வாள். அன்றைக்கு அது நுனியைத் தாண்டிவிட்டது. மாடிப்படிக்கு முதலை எப்படி வரும், யமுனையிலிருந்து பஸ் பிடித்து வருமா என்று கேட்டுவிட்டேன். குரானா நல்ல மனிதர், கத்துகிற ரகம் இல்லை. "பஸ்ஸின் கூரையில் உன் ஹீரோ ஓடலாம், முதலை மட்டும் பஸ்ஸில் வரக் கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

2006 கோடை அது. நேரு ப்ளேஸில், சமோசா வாசனை விடாமல் ஏறிவரும் ஒரு மூன்றாவது மாடியில், செல்போன் விளையாட்டுகள் செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. கிரிக்கெட், கார் பந்தயம், மறுபடி கிரிக்கெட் என்று செய்து செய்து அலுத்துப் போயிருந்த எனக்கு, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக மனசுக்குப் பிடித்த ஒன்று கைக்கு வந்திருந்தது. 'ஓடு சுந்தரேசா'வைச் செல்போனில் மறுபடி கொண்டுவருவது.

தொண்ணூறுகளில் தில்லித் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் படித்த யாரிடமாவது இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், கட்டை விரல் தானாக அசையும். மூன்று பாகங்கள் வந்தன. எந்தக் கடையிலும் அது விற்றதில்லை. அர்விந்த் என்ற கல்லூரி மாணவன் தன் கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து தனியாகச் செய்தது. ஃப்ளாப்பியில் ஏறி, ஸ்கூல் பையில் புகுந்து, கோல் மார்க்கெட்டிலிருந்து ஜனக்புரி வரைக்கும் ஊர் சுற்றியது.

சுந்தரேசன் மத்திய அரசு குமாஸ்தா. டிபன் பையும் கையுமாக, வருகைப் பதிவை மூடுவதற்குள் ஆபீஸ் போய்ச் சேர வேண்டும். இடமிருந்து வலமாக ஓடுவான், ஊர் அவனுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். தோண்டிப்போட்ட பள்ளங்களைத் தாண்ட வேண்டும். நடுரோட்டில் படுத்திருக்கும் மாட்டைத் தாண்ட வேண்டும். ஸ்டாப்பில் நிற்காத பஸ்ஸின் கூரைக்குத் தாவ வேண்டும். கடைசியில் செக்ரடேரியட் குரங்குகள், ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு ஓடும்.

ஆனால் குரங்கையெல்லாம் நான் மதித்ததே இல்லை. என்னை நடுங்க வைத்தது முதல் திரையிலேயே, மாடிப்படிக்குக் கீழே, இடுப்பில் கைவைத்து நிற்கும் மாமிதான். சுந்தரேசன் கிட்டே வந்ததும் அவள் வாய் திறக்கும். அர்விந்த் புள்ளி புள்ளியாகச் செதுக்கிய தமிழெழுத்தில் 'எங்கே?' என்று வரும். அவ்வளவுதான். சுந்தரேசனின் தோள் தொங்கிவிடும். திரும்பி மாடி ஏறி, வீட்டுக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவான். ஓர் உயிர் போயிருக்கும்.

கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது, கேட்டுவிட்டால் போகிற காரியம் உருப்படாது, திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் வீடுகளில் எழுத்து படிப்பதற்கு முன்பே படித்துவிடும் சட்டம் இது. அவள் வாய் திறப்பதற்குள் கைப்பிடிச் சுவரில் ஏறி, மீட்டர் பெட்டியில் கால் வைத்து, தலைக்கு மேலே தாவிவிட வேண்டும். எனக்கு அது கைவர ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆயிற்று. முதல் தடவை தாவி அந்தப் பக்கம் இறங்கியபோது நான் அழுதேன். பன்னிரண்டு வயதில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது.

இப்போது எங்கள் ஆபீஸில் அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருவரும் பஞ்சாபிப் பிள்ளைகள். அவர்கள் எழுதிக் கொடுத்த குறை இது: ஆண்ட்டி ஏதோ சொல்கிறாள், ஹீரோ காரணமில்லாமல் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிறான், சரிசெய்யவும். குரானாவுக்கு விளக்கினேன். அவருக்குப் பாதி புரிந்தது. "கிளம்புகிறவனை டோக்கினால், இடைமறித்துக் கேட்டால், அபசகுனம், சரி. எங்கள் பாட்டி பீஜியும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் தண்ணீர் குடித்தால் பலம் கூட வேண்டும் இல்லையா, உயிர் ஏன் போகிறது?" என்று கேட்டார். அங்கேதான் முதலை வந்தது.

போதாக்குறைக்கு அர்விந்த். அவர் இப்போது சியாட்டிலில் இருந்தார். விளையாட்டு அவருடையது, அவர் சரி சொல்லாமல் ஓர் அடி நகர முடியாது. தாராளமாகச் செய்யுங்கள் என்றார், படங்களையும் தானே புதிதாக வரைந்து தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. "அந்த மாமி என் அம்மா. அப்போது கேட்காமல் போட்டுவிட்டேன். இப்போது ஊர் முழுக்க வரப்போகிறது, அம்மா சம்மதிக்க வேண்டும். என்னால் கேட்க முடியாது, நீங்கள் கேளுங்கள்."

ஏன் முடியாது என்று போனில் விசாரித்தேன். "அவ படம் வருதுன்னு அப்பவே அவகிட்ட யாரோ சொல்லிட்டா. வாசல்ல நின்னு ஆசீர்வாதம் பண்ற கதாபாத்திரம்னு சொல்லி வெச்சேன். ஆபீஸ் பூரா பெருமை அடிச்சுண்டிருக்கா," என்றார். "அதோட, எங்களுக்குள்ள பேச்சு ஜாஸ்தி இல்லே. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவேன். 'இப்போ எங்கே கிளம்பறே'ன்னு ஆரம்பிப்பா. எனக்குப் பத்திண்டு வரும், வெச்சுடுவேன்."

குரானா திங்கட்கிழமை வரை அவகாசம் கொடுத்தார். மாமி சம்மதித்தால் மாமி, இல்லாவிட்டால் முதலை. முதலை வந்தால் நான் விலகிக்கொள்வேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த விளையாட்டில் மாமி இல்லையென்றால் அது வெறும் ஓட்டம். அதைச் செய்ய நான் எதற்கு?

சனிக்கிழமை காலை ஜனக்புரியில் இறங்கினேன். விஜயலக்ஷ்மி மாமி இன்னும் ரிடையர் ஆகவில்லை. கணவர் வெங்கடராமன் வேலையில் இருக்கும்போதே காலமாகிவிட, கருணை அடிப்படையில் அவருடைய ஆபீஸிலேயே கிடைத்த வேலை. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸை விட்டு இப்போது சொந்த ஃப்ளாட், முதல் மாடி. நான் கேட்டைத் திறக்கும்போதே பால்கனியிலிருந்து குரல் கேட்டது. எனக்கல்ல, ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு சர்தார்ஜிக்கு.

"கஹான் சலே, பாயி சாஹப்?" எங்கே கிளம்பியாச்சு என்றுதான்.

சர்தார்ஜி திரும்பிப் பார்க்காமல், "திலக் நகர், பெஹன்ஜி, தயிர் வாங்க," என்கிற மாதிரி ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார். பழகிவிட்டவர் போல.

நிமிர்ந்து பார்த்தேன். இடுப்பில் கை. அதே கொண்டை. என் கட்டை விரல் அசைந்தது, சுற்றிலும் மீட்டர் பெட்டி இருக்கிறதா என்று கண் தேடியது. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"வாடி, நீதான் மேதாவா? எங்கேர்ந்து வரே?"

"ஆர்.கே.புரத்துலேர்ந்து மாமி."

"எதுல வந்தே? மெட்ரோவா? இங்கேர்ந்து நேரா ஆத்துக்கா, வேற எங்கேயாவது போகணுமா?"

உட்கார்வதற்குள் என் சனிக்கிழமை முழுவதையும் ஒப்பித்துவிட்டேன். மாமி காபி கொண்டுவந்தாள். பிள்ளை விளையாட்டில் தன்னைப் போட்டிருப்பதை அவளே ஆரம்பித்தாள். "எங்க செக்ஷன்ல எல்லாருக்கும் தெரியும். வாசல்ல நின்னு போறவாளை வாழ்த்தறேனாமே. அர்விந்துக்கு அம்மான்னா அவ்ளோ ஆசை, வெளில காட்டிக்க மாட்டான்."

இதைக் கேட்டபிறகு எப்படிச் சொல்வது? வாயால் சொல்ல தைரியமில்லாமல் போனை நீட்டினேன். "நீங்களே ஆடிப் பாருங்க மாமி."

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்டுக்கொண்டாள். முதல் கட்டத்து மாடிப்படியிலேயே மாமி நிற்கிறாள் என்பதால், மெதுவாகப் பழகட்டும் என்று முதலில் இரண்டாவது கட்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். சுந்தரேசனை அவள் ஓட விடவில்லை. ஓரமாக நடத்திக்கொண்டு போனாள். பள்ளம் வந்தது, குதிக்கவில்லை, விழுந்தான்.

"யாரு இந்தப் பள்ளத்தை மூடாம போனது?"

"குதிக்கணும் மாமி."

"எதுக்குக் குதிக்கணும்? தோண்டினவன் மூட வேண்டாமோ? இதுல கம்ப்ளெய்ண்ட் எழுதிப்போட ஏதாவது பொத்தான் இருக்கா?"

இல்லை என்றேன். என்ன விளையாட்டு இது என்று உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் போனைத் திருப்பித் தரவில்லை. மாட்டை நெருங்கியதும் அது தானாக எழுந்து போகும் என்று அரை நிமிஷம் காத்திருந்தாள். பஸ் கூரையில் ஒரு தடவை தாவிவிட்டு, "டிக்கெட் எடுக்காமப் போறானேடி," என்று கவலைப்பட்டாள். நான் சிரித்துச் சிரித்து, வந்த காரியத்தையே மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. "நான் எங்கே வரேன், அதைக் காட்டு," என்றாள்.

முதல் கட்டத்தைப் போட்டேன். சுந்தரேசன் படியிறங்கினான். தன் உருவத்தைக் கண்டதும் மாமியின் முகம் மலர்ந்தது. "அட, என்னோட பச்சைப் புடவை." சுந்தரேசன் கிட்டே போனான். 'எங்கே?' என்று வந்தது. அவன் தோளைத் தொங்கப்போட்டுத் திரும்பினான், தண்ணீர் குடித்தான், மூன்று உயிர் இரண்டாயிற்று.

"ஏன் திரும்பறான்?"

மாமி மறுபடி ஆடினாள். மறுபடி திரும்பினான். மூன்றாவது தடவை அவளுக்கே புரிந்துவிட்டது. போனை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"அப்போ நான் வாழ்த்தலே. நான்தான் கண்டம்."

"அப்படியில்ல மாமி. கடைசில வர குரங்கு உங்கள விட மோசம்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. மாமி எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். முதலைதான் இனி என்று முடிவுகட்டிவிட்டேன். கிளம்பலாம் என்றால் செருப்பு அடுக்களையைத் தாண்டி வாசலில் கிடந்தது. உள்ளே தோசைக்கல்லில் சுர் என்று சத்தம் கேட்டது. கோபத்திலும் விருந்தாளியைப் பட்டினி போடாத பெண்மணி. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா கல்யாணத்தும்போது சொல்லி அனுப்பிச்சா. ஆம்படையான் கிளம்பறச்சே எங்கேன்னு கேக்கப்படாது. நானும் கேட்டதே இல்லே," என்றாள். "ஒரு ஞாயித்துக்கிழமை சட்டையை மாட்டிண்டு கிளம்பினார். ஆபீஸ் கிடையாது. எங்கேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாயை மூடிண்டு நின்னேன். சாயங்காலம் வரலே, ராத்திரியும் வரலே. எந்தப் பக்கம்னு தேடறது? கரோல் பாக்கா, சரோஜினி நகரா? அஞ்சு வயசுக் குழந்தையை இடுப்புல தூக்கிண்டு, தெரிஞ்சவா ஆத்துப் படியெல்லாம் ஏறி இறங்கினேன். யமுனைக்கு அந்தாண்ட ஒரு ஆஸ்பத்திரில, பேர் தெரியாத ஆளாப் படுத்திண்டிருந்தார். பஸ் தட்டிடுத்தாம். மறுநாள் மத்தியானம் நான் போய்ச் சேர்ந்தேன். அவர் காலம்பறயே போயிட்டார்."

தோசை என் கையிலேயே நின்றது.

"அந்தாண்ட எதுக்குப் போனார்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதுக்கப்புறம் யார் கிளம்பினாலும் கேப்பேன். அபசகுனம் பிடிச்சவன்னு திட்டினா. திட்டட்டும். திட்டிண்டே பதில் சொல்லிட்டுத்தான் போனா."

"அர்விந்த் சாருக்குத் தெரியுமா?"

"அப்பா பஸ்ஸுல அடிபட்டார்னு தெரியும். நான் கேக்காம நின்னதைக் குழந்தைகிட்ட எதுக்குச் சொல்லணும்?"

மன்னித்துக்கொள்ளுங்கள், மாமியை எடுத்துவிடச் சொல்கிறேன் என்று ஏதோ முணுமுணுத்தேன். மாமிக்கு அது பிடிக்கவில்லை.

"எடுக்கறதாவது. எடுத்துட்டு என்ன போடுவே?"

"முதலை."

"கோல் மார்க்கெட்லயா?" மாமி என்னைப் பார்த்த பார்வையில் குரானாவின் எல்லா நியாயமும் செத்துப்போனது. "ஏண்டி, நான் எங்கேன்னு கேட்டா உன் சுந்தரேசன் ஏன் முழிக்கறான்? அவனுக்கு வாய் இல்லையா? ஆபீஸுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன?"

நான் பதினான்கு வருஷம் ஆடிய விளையாட்டு. அவன் பதில் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தாவுவது எப்படி என்று மட்டுமே யோசித்திருக்கிறேன்.

"சொன்னா என்ன ஆகும் மாமி?"

"என்ன ஆகும்? எங்கே விழுந்தாலும் எனக்குத் தெரியும். நான் போய்த் தூக்கிண்டு வருவேன்," என்றாள் மாமி. "தோசை ஆறறது, சாப்பிடு."

திங்கட்கிழமை குரானாவிடம் இதைச் சொன்னேன். மாமி சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே சொன்னேன், நடுவில் குரல் உடைந்தது, எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. குரானா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மகர்மச்ச் கேன்சல்," என்றார்.

செல்போனில் ஐந்தாம் எண் அதுவரை சும்மா கிடந்தது. அதைப் பதில் சொல்லும் பொத்தான் ஆக்கினோம். மாமி ஒரு கேள்வியோடு விடுகிறவளா? எந்த பஸ், எப்போது திரும்புவாய், குடை எடுத்தாயா என்று தொடர்ந்து கேட்பாள், ஆபீஸ் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், கை பரபரக்கும். பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டால், அப்புறம் எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் மாமி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து, சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, விழுந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போவாள். பதில் சொல்லாமல் தாவியவன் விழுந்தால் விழுந்ததுதான். ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். முதல் நாள் எங்கள் பஞ்சாபிப் பிள்ளைகள் ஜம்பமாகத் தாவிப்போய்ப் பள்ளத்தில் கிடந்தார்கள். மறுநாள் இருவரும் ஐந்தாம் எண்ணை அழுத்தி, குடை எடுத்திருப்பதாக மாமியிடம் சமர்த்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மாமி ஓடுகிற படம் வேண்டுமென்று அர்விந்துக்கு எழுதினேன். பழைய விளையாட்டில் அவள் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததே இல்லை. எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டார். விளக்கினேன். இது யார் யோசனை என்று கேட்டார். உங்கள் அம்மாவுடையது என்றேன். அம்மாவுக்கு எப்படி இதெல்லாம் தோன்றியது என்றார்.

பதிலை எழுதி எழுதி அழித்தேன். மாமி தன் பிள்ளைக்கே சொல்லாததை நான் யார் சொல்ல? கடைசியில், அம்மாவையே கேளுங்கள் என்று ஒரு வரி மட்டும் அனுப்பினேன். ஒரு வாரம் போயிற்று. பிறகு படம் வந்தது. பச்சைப் புடவைதான். ஆனால் நாங்கள் பயந்த மாமி இல்லை, முப்பது வயதுக்காரி. கொண்டை அவிழ்ந்து பறக்க ஓடிவருகிறாள். அர்விந்த் அம்மாவை எப்போது கேட்டார், என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

'ஓடு சுந்தரேசா' அந்தத் தீபாவளிக்கு வெளிவந்தது. பட்சணப் பெட்டியோடு ஜனக்புரிக்குப் போனேன். மாமி ஒரே சலிப்பாக இருந்தாள்.

"எல்லாம் உன்னாலதான். ஞாயித்துக்கிழமை ஒரு தடவை பேசிண்டிருந்தவன், இப்போ நாளைக்கு மூணு தடவை கூப்பிடறான். லைப்ரரிக்குப் போறேங்கறான், தலைமுடி வெட்டிக்கப் போறேங்கறான். ஒரு சீரியல் நிம்மதியாப் பாக்க முடியலே."

பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. நமக்கு விளக்கு வைக்கும் நேரம், அங்கே விடியற்காலை. மாமி எடுத்தாள். எங்கே என்று அவள் கேட்கவில்லை, அந்தப் பக்கமிருந்து அர்விந்தே சொல்லிக்கொண்டிருந்தார். மாமி போனின் வாயைப் பொத்தி என்னிடம், "பால் வாங்கப் போறானாம். சியாட்டில்ல பால் எங்கே விக்கறதுன்னு எனக்கென்ன தெரியும்," என்றாள். பிறகு போனில், "எந்தத் தெரு? திரும்பினதும் சோத்துக்கை பக்கமா, பீச்சாங்கை பக்கமா? சரி, நட," என்றாள்.

சீரியல் முடிந்து விளம்பரம் ஓடியது. மாமி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவர் பால் வாங்கிக்கொண்டு, வீடு திரும்பி, கதவைச் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் வைத்தாள்.